இத்தாலி அரிஷ்டம்

அரியலூரில் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்ப் பானையைச் சுற்றி ஆற்றுமணல் கொட்டியிருக்கும். அந்த ஈரமணலில் கழுத்துவரை புதைந்து, தலையில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கறுத்த கண்ணாடிக் குப்பி உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வரும் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னடி, டானிக்கா?" என்பார்கள். "ஆமாக்கா, அவருக்குப் பித்தம்" என்று சொல்லிவைப்பேன். உண்மையில் அது இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த வெர்மூத் என்ற இனிப்பு மது.

என் வீட்டுக்காரர், சுண்ணாம்புப் பாறை தேடி வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தார். துரை பகலெல்லாம் வெயிலில் சுத்தியலோடு அலைந்து கல் பொறுக்குவார். சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். அப்போது அவர் கைக்கு ஒரு கிண்ணம் வந்தாகவேண்டும். அந்தக் கிண்ணத்தில் பெரும்பாலும் வெர்மூத் இருக்கும். துரையின் பங்களாவுக்குத் தகரக் கூரை. மூடி திறந்த வெர்மூத் சூட்டில் வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால், என் வீட்டுக்காரர் அதை எங்கள் ஓட்டுவீட்டு மணலில் வைத்து, சாயங்காலம் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போவார்.

அவருக்கு மது கலக்கும் வித்தை திருச்சி கன்டோன்மென்டில் ஒரு கிளப்பில் கிடைத்தது. விஸ்கி இரண்டு பங்கு, வெர்மூத் ஒரு பங்கு, மேலே இரண்டு சொட்டுக் கசப்புச் சாறு. இந்தக் கலவைக்குப் பெயர் மான்ஹாட்டன். ஜின்னும் வெர்மூத்தும் சரிபாதி ஊற்றினால், அது சீமையில் பெண்களும் குடிக்கிற சாதாரணக் கலவை. இத்தாலி வெர்மூத்தோடு பிரெஞ்சு வெர்மூத்தும் ஜின்னும் ஆரஞ்சுச் சாறும் சேர்ந்தால் பிராங்ஸ். பிரெஞ்சுச் சரக்கு வெளுத்தது, இனிப்பில்லாதது. இத்தாலிச் சரக்குத்தான் சிவப்பு, அதுதான் இனிப்பு. இதையெல்லாம் அவர் எனக்கு வீட்டில் டிகாக்ஷனையும் கிணற்றுத் தண்ணீரையும் வைத்துச் செய்து காட்டுவார். "மான்ஹாட்டனைக் குலுக்கக்கூடாது புள்ள, கலங்கிப்போயிடும். கரண்டிய இப்படிச் சுத்தணும், சத்தமே வரப்படாது" என்பார். கரண்டி கண்ணாடியில் படாமல் சுழலும். அவர் விரல்களை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட கை எனக்கு வாய்த்ததே என்று பெருமையாகவும் இருக்கும்.

வெர்மூத்துக்கு அந்தக் கிண்ணத்தில் என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேன். "விஸ்கி முரடு, கசப்புச் சாறு அதுக்கு மேல முரடு. கல்யாண வூட்ல ரெண்டு சம்பந்தியும் முறைச்சுக்கிட்டு நிப்பாங்கல்ல? நடுவுல ஒரு சித்தப்பா வந்து ரெண்டு பேரு தோள்லயும் கையப் போட்டு பந்தியில உக்கார வச்சுடுவாரு. அந்தச் சித்தப்பாதான் இது" என்றார். எனக்கு அன்றே அந்தக் குப்பிமேல் மரியாதை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு சித்தப்பா தேவைப்பட்டார் என்பதைச் சொல்லவேண்டும். என் அப்பாவுக்குப் பெரம்பலூரில் நாட்டு மருந்துக்கடை. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பச்சைமலை அடிவாரத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். வேர் பிடுங்கி, பட்டை உரித்து, சந்தையில் சாக்கு விரித்து விற்று, அப்பா காலத்தில்தான் பலகை போட்ட கடைக்கு வந்தோம். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். கடையில் பொட்டலங்களுக்கு நடுவில் அப்பாதான் என்னை வளர்த்தார். அவருடைய தம்பி சாராயத்தில் அழிந்தவர். அந்தத் தம்பியைச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, இனி சாராயத்தைத் தொடவும் மாட்டேன், அதைத் தொடுகிறவன் வாசலை மிதிக்கவும் மாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்திருந்தார்.

என்னைக் கொடுக்கும்போது மாப்பிள்ளைக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை என்றுதான் தரகர் சொன்னார். அதுவும் பொய்யில்லை, அவர் கோழியும் வறுப்பார். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் யாரோ அப்பாவிடம் முழுக்கதையையும் ஓதிவிட்டார்கள். "சாராயம் ஊத்திக் குடுக்கறவனுக்கா எம் பொண்ணக் குடுத்தேன்?" என்று கடையை இழுத்துச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டாராம். அதன்பிறகு தீபாவளிக்குச் சீர் வந்தது, பொங்கலுக்கு வரிசை வந்தது. எல்லாம் யார் கையிலாவது வந்தது. அப்பா வரவில்லை.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்ததும் பிரச்சினை முற்றியது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில். பிறந்த வீட்டு ஆள் வந்து, வாசல் ஏறி, அழைத்துக்கொண்டு போகவேண்டும். அப்பா பக்கத்து வீட்டு அத்தையை வண்டியோடு அனுப்புவதாகச் சொல்லியனுப்பினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கப்பா வந்து என்னைக் கூப்புட்டாத்தான் வருவேன். இல்லாட்டி இங்கயே பெத்துக்கறேன்" என்று பதில் சொல்லியனுப்பினேன். அவர் பிடிவாதம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது. சொல்லியனுப்பிய நாளிலிருந்து பயமும் கூடவே இருந்தது. தாயில்லாதவள், மாமியாரும் இல்லாதவள், பிரசவத்துக்குத் துணைக்கு ஆளில்லாத வீடு. அப்பா வராவிட்டால் என்ன செய்வேன் என்று ராத்திரியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்திருப்பேன்.

உலகச் சண்டையில் இத்தாலி எதிரி நாடாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வெர்மூத் வருவது நின்று, அந்தச் சமயத்தில்தான் கையிருப்பும் தீர்ந்தது. மதராசில் கேட்டார்கள், பெங்களூரில் கேட்டார்கள், எங்கேயும் இல்லை. திருச்சியிலிருந்து ரயிலில் மரத்தூளில் பொதிந்த ஐஸ் வந்தது, எப்படியோ விஸ்கியும் வந்தது. நடுவில் வேண்டிய சித்தப்பாதான் இல்லை. துரை வெறும் விஸ்கியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாராம். கடைசிக் குப்பியில் இரண்டு விரல் அளவு மிஞ்சியிருந்தது.

"நாமளே எதையாவது போட்டுச் செஞ்சு பாக்கலாமா?" என்று என் வீட்டுக்காரர் அந்தக் குப்பியை என்னிடம் நீட்டினார். அதுவரை நான் அதை முகர்ந்து பார்த்ததில்லை, நாற்றமடிக்கும் என்று நினைத்திருந்தேன். துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். முதலில் மரிக்கொழுந்து அடித்தது. அப்புறம் லவங்கப்பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், காய்ந்த திராட்சை, அடியில் ஏதோ ஒரு கசப்பு வேர். அப்படியே பெரம்பலூரில் எங்கள் கடைக்குள், அப்பாவின் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றதுபோல இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"இது எங்கப்பா கடை வாசனைங்க" என்றேன். "இதுல என்னென்ன இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். அவர்கிட்ட கொண்டுபோங்க."

"என்னைக் கடைக்குள்ள வுடுவாரா?"

"மாப்ளயா போனா வுட மாட்டாரு. மருந்து கேட்டுப் போனா யாரையும் தொரத்த மாட்டாரு. போங்க."

பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் போனார். மேட்டில் பஸ் திணறி நின்றபோதெல்லாம் எல்லோரையும் இறக்கித் தள்ளவிட்டார்களாம். ஒரு கையால் பஸ்ஸையும் மறு கையால் வெர்மூத்தையும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். கடையில் அப்போது வேப்பந்தட்டை ஊர்க்காரர் ஒருவர் மாட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் திரும்பி வந்து எனக்கு நடித்தே காட்டினார்.

"என்ன வேணும்?" என்றாராம் அப்பா, முன்பின் தெரியாதவனிடம் கேட்பதுபோல.

"இதுல என்ன மருந்து சேந்திருக்குன்னு பாத்துச் சொல்லணுங்க மாமா."

அப்பா குப்பியை வாங்கினார். மூடியைத் திறந்தார். மூக்கருகே பிடித்தார், கண்ணை மூடினார். இன்னொரு தரம் பிடித்தார். அப்புறம் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார்.

"மாசிப்பத்திரி. மரிக்கொழுந்துன்னு தோணும், அது இல்ல, அதோட அக்கா. பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோலு, கசப்புக்கு ஒரு வேரு. அது நம்மூரு வேரு இல்ல, நெலவேம்பப் போட்டுக்கலாம். திராட்சையிலதான் ஊற வச்சிருக்கான். நல்ல அரிஷ்டம். யாரு செஞ்சது?"

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு, வேண்டிய சரக்கைக் கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பான். என் வீட்டுக்காரருக்குப் பொய்யை வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாது. "மாமா, இது இத்தாலிச் சரக்குங்க. துரை சாயங்காலத்துல விஸ்கியில கலந்து குடிக்கறது" என்று போட்டு உடைத்துவிட்டார்.

வேப்பந்தட்டைக்காரர் வாயைப் பிளந்தார். அப்பாவின் சத்தியம் பெரம்பலூர் வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. அப்பா உள்ளங்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டாராம்:

"துரைக்கு என்ன நோவு?"

"நோவுன்னு ஒண்ணும் இல்லைங்க மாமா. இது இல்லாட்டி பசிக்கலைன்னு சொல்றாரு, சாப்பாட்ட வச்சுட்டு எந்திரிச்சுடறாரு."

"அதான் பாத்தேன்!" என்று அப்பா பலகையில் தட்டினார். "மந்தம். பசியத் தூண்டற அரிஷ்டம் இது. விஸ்கி அனுபானம், அவ்வளவுதான். நாம தேன்ல குழைச்சுக் குடுக்கறோம், அவன் விஸ்கியில குடுக்கறான். அவனவன் தேசத்துப் பழக்கம். எம் மூக்கு பொய் சொல்லாது."

வேப்பந்தட்டைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மாட்டுக்குப் பொட்டலம் கட்டியாச்சு, கெளம்புங்க" என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

இதை என் வீட்டுக்காரர் நடித்துக் காட்டியபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவுக்குத் தன் மூக்குமேல் அத்தனை கர்வம். சாராயத்தை மருந்து என்று சொல்லிவிட்டோம் என்று ஒத்துக்கொள்வதைவிட, சாராயத்தையே மருந்தாக்கிவிடுவது அவருக்குச் சுலபமாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் வெகுகாலம் சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

அப்பாவே அதைச் செய்தார். மற்ற அரிஷ்டங்களைச் செய்வதுபோலவே செய்தாராம். காய்ந்த திராட்சையை வேகவைத்து வடித்து, பனைவெல்லம் கரைத்து, நுரைத்துப் புளிக்க ஒரு காய்ந்த மலைப்பூவைப் போட்டார். சர்க்கரை ரேஷனில் இருந்த காலம், பனைவெல்லம்தான் கிடைத்தது. அதுவே நல்லதாகப் போயிற்று, இத்தாலிக்காரன் நிறம் அதிலேயே வந்துவிட்டது. மாசிப்பத்திரியை மலையிலிருந்து வரவழைத்தார். எல்லாவற்றையும் மண்மிடாவில் போட்டு, வாயைச் சீலைமண் பூசி மூடி, கொல்லையில் புதைத்தார். ஒரு மண்டலம் போகவேண்டும்.

நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். வயிறும் வளர்ந்துகொண்டிருந்தது. கூடவே என் வேலையாக, ஓடைக்கரைப் புதரிலிருந்து களாக்காய் பறித்துவரச் சொல்லி, கொட்டையெடுத்துப் பாகில் ஊறப்போட்டேன். மான்ஹாட்டனுக்கு அடியில் ஒரு சிவப்புப் பழம் கிடக்கவேண்டும், அதுவும் சண்டையோடு நின்றுபோயிருந்தது.

ஒரு முற்பகலில் வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. தோளில் துண்டு, இடுப்பில் அணைத்த ஒரு பீங்கான் ஜாடி. தெருவில் நின்றார், வாசலுக்கு வரவில்லை. என்னையும் என் வயிற்றையும் பார்த்தார். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நோயாளி எங்க? அரிஷ்டத்த மொதத் தடவ எங் கையாலதான் குடுக்கணும். அதான் வந்தேன்."

"துரை சாயங்காலந்தாங்க மாமா குடிப்பாரு. அதுவரைக்கும் உள்ள வந்து உக்காருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"பரவால்ல, நிக்கறேன்."

சித்திரை வெயில். அரியலூர் மண்ணில் அந்த வெயில் எப்படி அடிக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உள்ள வாங்கப்பா" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். அப்பனும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு நின்றோம். என் வீட்டுக்காரர் நடுவில் கையைப் பிசைந்தார்.

கடைசியில் அப்பா ஜாடியைத் தொட்டுப் பார்த்தார். "ஜாடி சுடுது" என்றார். "அரிஷ்டம் வெயில்ல நிக்கப்படாது. கெட்டுப்போயிடும்."

"உள்ள ஈரமணல் இருக்குப்பா" என்றேன்.

"இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தார். நேரே பானையடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய குப்பி இருந்த குழியிலேயே ஜாடியை வைத்து மணலை அணைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலே, "ஒழுங்கா சாப்புடறியா? கை கால்ல நீர் இல்லியே?" என்று கேட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். உள்ளே தலைக்கு வைக்க மரிக்கொழுந்து இருந்தது.

சாயங்காலம் மூவரும் பங்களா சமையற்கட்டுக்குப் போனோம். நோயாளியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கமாட்டேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். துரையிடம் என் வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ, துரை எழுந்து வந்து அப்பாவுக்கு வணக்கம் வைத்தார். "நாக்க நீட்டச் சொல்லுங்க மாப்ள" என்றார் அப்பா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்ள! என் வீட்டுக்காரர் அதைக் கேட்ட மகிழ்ச்சியில் துரையிடம் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டார். துரையும் நல்ல மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நாக்கை நீட்டினார். அப்பா பார்த்துவிட்டு, மந்தம்தான் என்று தலையாட்டி, ஜாடியிலிருந்து தன் கையால் அளந்து ஊற்றினார்.

மற்றதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். விஸ்கி, கசப்புச் சொட்டு, ஐஸ். கரண்டி சத்தமில்லாமல் சுழன்றது. குளிர்ந்ததும் வடித்து, களாக்காயைப் போட்டு, ஆரஞ்சுத் தோலை விளிம்பில் பிழிந்தார். விளக்கு வெளிச்சத்தில் கிண்ணம் கருஞ்சிவப்பாக நின்றது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சிலை அரைக்கிறவர்களின் கையை அவர் அப்படிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். சரியான பதத்தில் நிறுத்துகிற கையென்றால் அவருக்கு உயிர்.

துரை முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். இத்தாலியிலிருந்து கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டார். "இல்லை சார், பெரம்பலூர்ல இருந்து பஸ் வந்திருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அன்று துரை தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. "பாத்தியா?" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். பெரம்பலூரில்தான் என் மூத்தவள் பிறந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "மாப்ள அரியலூர்ல துரைக்கு மருந்து கலந்து குடுக்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊரார் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். அவர் முகத்துக்கு நேரே சிரிக்க ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை.

சண்டை முடிந்தது. துரை கல்மூட்டைகளோடு சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் மதுவிலக்கும் வந்தது, பட்லர் வேலைக்கு இனி வழியில்லை என்றானது. அப்பா தாமாகவே வந்து எங்களைப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போனார். கிண்ணத்தில் வெர்மூத் அளந்த கை கடையில் லேகியம் கிளறியது. அப்பா அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பார்.

அந்த நாட்களில் ஒருநாள் மத்தியானம் ஒரு ஆள் கடைக்கு வந்தான். கையில் டானிக் குப்பி, மேலே சீட்டு ஒட்டி, மூடி இறுக மூடி மெழுகு வைத்திருந்தது. இந்த டானிக்கைக் கடையில் வைத்து விற்றுத் தருகிறீர்களா என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டான். அப்பா கடையின் அந்தக் கோடியில், மூட்டைகளுக்குப் பின்னால் சுக்கு இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை நின்றது.

"அது சாராயம். எடுத்துட்டுப் போடா" என்றார், எழுந்திருக்காமலே.

அவன் போய்விட்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மெழுகு வைத்து மூடிய குப்பியைக் கடையின் மறுகோடியிலிருந்து கண்டுபிடித்த மூக்கு இது. இந்த மூக்கா அன்றைக்கு, திறந்த குப்பியைக் கிட்டப் பிடித்து இரண்டு தரம் முகர்ந்தும் ஏமாந்தது? சாராயத்துக்குத் தம்பியைப் பறிகொடுத்தவருக்கா அந்த வாடை தெரியாமல் போனது? நான் இத்தனை வருடமும் கர்வம் என்று நினைத்துச் சிரித்ததெல்லாம் கர்வமே இல்லை. தெரிந்தேதான் நக்கியிருக்கிறார், என் வாசல் ஏறுவதற்காக.

நான் மூட்டைகளைத் தாண்டிப் போய் அவர் எதிரில் நின்றேன். "அப்பா, அன்னைக்கு அரியலூர்லேர்ந்து இவரு கொண்டாந்த குப்பியில என்ன இருந்துச்சு?"

அப்பா நிமிரவில்லை. இடித்த சுக்கைக் கையில் அள்ளி, முகர்ந்து பார்த்து, திரும்ப உரலில் போட்டார்.

"அரிஷ்டம்" என்றார். "அன்னைக்கே சொன்னேன்ல?"

உலக்கை மறுபடி விழ ஆரம்பித்தது. கடையில் ஆட்கள் நின்றதால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.